வேணா என்றது யாருக்கு?

அன்று நான் "வேணா, வேணா" என்று சொன்னது என் மகளிடமா, போனில் இருந்த பெண்ணிடமா?

இதையெல்லாம் ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டு இருப்பார்களா என்று கேட்பீர்கள். என் கணவரும் அதைத்தான் கேட்கிறார். "அதையே புடிச்சிக்கிட்டு இருக்காத, விடு" என்று கட்டாரிலிருந்து சொல்கிறார். விட முடியவில்லை. சோறு வடிக்கும்போது அந்தச் சொல் தானாக வாயில் வருகிறது. பிள்ளையை அதட்டுகிற மாதிரி ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். மாமி குசினி வாசலில் வந்து நின்று, "யாருக்கு என்னா வேணாமாம்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

நடந்ததைச் சொல்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை என்பதால் முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாத்தளை டவுனிலிருந்து ரத்தோட்டை போகிற பாதையில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். நானும், மகளும், கணவரின் அம்மாவான மாமியும். மேலே வீட்டுக்காரர்கள், சிங்களக் குடும்பம். அந்த அக்கா நல்லவர். சிங்களத்தில் தங்கச்சி என்கிற மாதிரி என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார்.

கணவர் முதலில் தம்புள்ளையில், மொத்த மரக்கறிச் சந்தையில் ஒரு கடையில் வேலை செய்தார். தினமும் பஸ்ஸில் போய் வருவார். யுத்தம் நடந்த அந்த நாட்களில் பஸ் போய்ச் சேருவதே பெரிய காரியம். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்குவார்கள், அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், மற்றவர்கள் ஏறுவார்கள், இவர் மட்டும் கீழே நிற்பார். பிறகு அடுத்த பஸ், அல்லது அதற்கடுத்தது. ஒரு நாள் அவர் வரவே இல்லை. மறுநாள் காலையில் வந்தார். எங்கே இருந்தீர்கள், யார் பிடித்தார்கள் என்று நான் கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நான் வெளிநாட்டுக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னார். அப்போது நான் நிறைமாதம். மகளுக்குக் கழுத்து நிற்பதற்கு முன்னமே போய்விட்டார்.

ஆகவே என் மகளுக்கு அப்பா என்றால் கொம்பியூட்டர்தான்.

இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பழைய கொம்பியூட்டர் ஒன்றையும் சின்னக் கெமரா ஒன்றையும் வாங்கி, ஒரு நிறுவனத்திடம் போன், இன்டர்நெட், டிஷ் டீவி மூன்றையும் ஒன்றாக எடுத்தோம். மூன்றுக்கும் ஒரே பில். டிஷ் கூரையில் ஏறிய கிழமையே பொலிஸ் வந்தது. தமிழ் ஆட்கள் இருக்கிற வீட்டில் புதிதாக எது வந்தாலும் அந்த நாட்களில் வந்து பார்ப்பார்கள். "இதில் என்ன பார்க்கிறீங்க?" என்று ஒருவர் மாமியைக் கேட்டார். மாமி கொஞ்சமும் யோசிக்காமல், "மாமியாரக் கொடும" என்றார். ஒரு நாடகத்தில் அப்போது அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். நல்ல வேளை, அந்தப் பொலிஸ்காரர் சிரித்தார். பிறகு கெமராவைக் காட்டி, இது எதற்கு என்றார். மேல் வீட்டு அக்காதான் இறங்கிவந்து, "புள்ளைக்குத் தகப்பனைக் காட்ட" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

உண்மையில் அதற்குத்தான். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அவர் அங்கே பகல் சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரத்தில் நாங்கள் மகளைக் குளிக்க வைத்து, பொட்டு வைத்து, கொம்பியூட்டருக்கு முன்னால் உட்காரவைப்போம். அவர் தட்டிலிருந்து ஒரு வாய் சோற்றை அள்ளிக் கெமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "ஆ" என்பார். மகள் வாயைத் திறப்பாள். நான் பக்கத்தில் இருந்து, படத்தில் என் கை தெரியாத மாதிரி, அதே நேரத்தில் ஒரு வாய் ஊட்டிவிடுவேன். அவர் கையை இழுத்துக்கொள்வார், நானும் இழுத்துக்கொள்வேன். இது அவர் கண்டுபிடித்த விளையாட்டு. கொஞ்சம் பழகியதும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆளின் இரண்டு கை மாதிரி ஆகிவிட்டோம். மற்ற நாட்களில் ஒரு வாய் தின்ன ஊரைக் கூட்டுகிற பிள்ளை, வெள்ளிக்கிழமை தட்டைக் காலி பண்ணுவாள். சோறு ஊட்டுவது அப்பா என்றுதான் நம்பினாள். நாங்களும் அதை நம்பவைத்தோம். வருகிற அன்று அவர் கையிலிருந்து அவள் தயங்காமல் சாப்பிட வேண்டும். அதுதான் எங்கள் ஆசை. அதற்காகத்தான் இவ்வளவும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பில்லோடு ஒரு தாள் வந்தது.

சிங்களத்திலும் இங்கிலீஷிலும் அழகாக அடித்திருந்தார்கள். கீழே தமிழில், கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக உடைந்து கிடந்தது. "கட்டணத் திருத்தம்" என்று தலைப்பு. கல்யாணத்துக்கு முன்னால் நான் பாலர் பாடசாலையில் படிப்பித்தவள். பிள்ளைகள் பிழையாக எழுதினால் பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டுவதைத்தான் நான் திருத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் என்ன பிழை விட்டோம்? ஒழுங்காக மாதாமாதம் கட்டியதா?

இன்னும் கீழே போனால் இதைவிட மோசம். இதுவரை சாதாரணமாக வந்துகொண்டிருந்த தமிழ்ச் சேனல்கள் இனி அதில் வராதாம். "மேலதிக மொழிப் பொதி" என்று தனியாக எடுக்க வேண்டுமாம். பெக்கேஜுக்கு யாரோ அகராதி பார்த்துப் பொதி என்று போட்டிருக்கிறார்கள். நான் வாசித்ததும் மாமி பதறிப்போனார்.

"பொதியா? எங்க கெடக்கு?"

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நாட்களில் பொதி என்ற சொல்லை நாங்கள் கேட்டது பஸ்ஸிலும் ரேடியோவிலும்தான். ஆள் இல்லாத பொதி கிடந்தால் தொடாதீர்கள், உடனே பொலிஸுக்குச் சொல்லுங்கள் என்பார்கள்.

"இல்ல மாமி, டீவி. தமிழ் பாக்க இனிமே தனியாக் காசாம்."

"அப்ப தொடாமலே இருந்துக்குவோம்" என்றார் மாமி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பாஷை இவர்களுக்கு மேலதிகமா? நேற்றுவரை உள்ளே இருந்ததை எடுத்து வெளியே வைத்துவிட்டு, வேண்டுமென்றால் காசு கொடுத்து எடுத்துக்கொள் என்றால் அதற்குப் பெயர் திருத்தமா? அன்று முழுக்கப் பாத்திரங்களைச் சத்தமாகத்தான் கழுவினேன்.

டவுனுக்குப் போய் வேறு கம்பெனிகளின் விளம்பரத் தாள்களையும் வாங்கிவந்து, தரையில் பரப்பிவைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒப்பிடவே முடியாதபடிதான் அவற்றை அடிக்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ஒருவர் எத்தனை சேனல் என்று கணக்குச் சொல்வார், அதில் பாதி ஒரே சேனல் வேறு வேறு பாஷையில். இன்னொருவர் இன்டர்நெட் எவ்வளவு வேகம் என்று பெரிதாகப் போடுவார், மாதத்துக்கு எவ்வளவு அளவு என்பதைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போடுவார். வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதை யாருமே சொல்வதில்லை. ஒன்றில் டிஷ் மலிவு, ஆனால் எங்கள் பக்கத்துக்கு இன்டர்நெட் லைன் இல்லை. இன்னொன்றில் இன்டர்நெட் நல்லது, ஆனால் தமிழ் ஒரே ஒரு சேனல். மகள் தாள்களின் நடுவில் உட்கார்ந்து ஒன்றைக் கிழித்துவிட்டாள். எதைக் கிழித்தாள் என்று பார்த்து, நல்லதைத்தான் கிழித்திருப்பாளோ என்று அதற்கும் கவலைப்பட்டேன்.

மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன்டி புள்ள இப்படி மண்டைய ஒடைக்கிற? என் நாடகத்த வெட்டு. புள்ளைக்கு அப்பன் மொகம் வேணும்."

"நீங்க நாள் முழுக்க வீட்டுக்குள்ள என்னா மாமி செய்வீங்க?"

"ஒன்னப் பாத்துக்கிட்டு இருக்கேன். அதுவும் நாடகந்தான்."

இப்படிச் சொல்கிறவரிடமிருந்து இருக்கிற ஒரே பொழுதுபோக்கை எப்படிப் பிடுங்குவேன்? தோட்டத்தில் கொழுந்து பறித்து மகனை வளர்த்தவர். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மழை இறங்கி டீவியில் படம் நின்றுபோனால், திரும்பி வரும்வரை கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு இருப்பவர். அதே நேரம், வெள்ளிக்கிழமை போனால் எனக்கு எல்லாமே போய்விடும். கணவரைக் கேட்டேன். "ஒனக்குத் தெரியாததா, நீயே முடிவு பண்ணு" என்றார். என்மேல் நம்பிக்கை வைத்துச் சொல்கிறாரா, தலைவலியை என்னிடம் தள்ளிவிடுகிறாரா என்று அதையும் இரண்டு நாள் யோசித்தேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். இன்டர்நெட் இருக்கிறபடியே இருக்கட்டும். டீவியில் யாரும் பார்க்காத இங்கிலீஷ் படச் சேனல்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தமிழைப் போடச் சொல்வோம். இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயம்.

கம்பெனிக்குப் போன் எடுத்தேன். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, இங்கிலீஷுக்கு மூன்று. இரண்டை அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். "உங்கள் அழைப்பு எமக்கு முக்கியமானது" என்று ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல். திரும்பப் பாட்டு. திரும்ப முக்கியமானது. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாள் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒன்றை அழுத்தினேன். உடனே ஒரு பெண் எடுத்துப் பேசினாள்.

ஒன்றை அழுத்தியதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. டவுனில் வளர்ந்தவள் நான். என் சிங்களத்தைக் கேட்டால் தமிழ் ஆள் என்று கண்டுபிடிக்க முடியாது. பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரியில் அப்படித்தான் பேசிப் பழகியிருந்தேன். வீட்டுக்கு வெளியே, மகளிடம்கூடத் தமிழில் மெதுவாகத்தான் பேசுவேன். அந்த வருடங்களில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். ஒரு தமிழ்ச் சொல் தவறிக்கூட வெளியே வராமல் சிங்களம் பேசுவதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு திறமைசாலி என்ற நினைப்பும் இருந்தது. இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

போனில் இருந்த பெண்ணிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் நல்லவிதமாகத்தான் பேசினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இன்டர்நெட் பற்றிக் கேட்டாள். இருப்பதையே வைக்கட்டுமா, இல்லாவிட்டால் "வென எகக் தென்னத?" என்றாள். வேறு ஒன்று தரட்டுமா என்று அர்த்தம். சிங்களத்தில் "வென" என்றால் "வேறு".

அந்த நேரத்தில் மகள் டீவிப் பெட்டிக்குப் பின்னால் போய் வயரைப் பிடித்து இழுத்தாள். நான் "வேணா! வேணா!" என்றேன்.

போனில் அந்தப் பெண், சரி என்கிற மாதிரி "ஹரி மிஸ்" என்றாள். பிறகு ஏதோ விறுவிறு என்று வாசித்தாள். நான் ஒரு கையில் மகளைத் தூக்கிக்கொண்டு, கேட்டும் கேட்காமலும், "ஹரி, ஹரி" என்றேன். நன்றி சொன்னாள். நானும் நன்றி சொன்னேன். வைத்துவிட்டோம்.

தேத்தண்ணி ஊற்றி மாமிக்கும் கொடுத்து, எல்லாம் சரியாப்போச்சு என்று சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகளைக் குளிக்க வைத்து உட்காரவைத்தோம். அவர் முகம் வந்தது. தட்டை எடுத்தார், சோற்றை அள்ளினார், "ஆ" என்றார். மகள் வாயைத் திறந்தாள். அப்படியே படம் நின்றுவிட்டது. அவர் கை கெமராவுக்குப் பக்கத்தில், வாய் பாதி திறந்தபடி. மகளும் வாயைத் திறந்துகொண்டு இருந்தாள். வழக்கமாக மழைக்கு நிற்கிற மாதிரி நிற்கிறது என்று நான் ஊட்டாமல் காத்திருந்தேன். அவள் எவ்வளவு நேரம் வாயை மூடாமல் இருந்தாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பிறகு திரை வெறுமையானது. மாத அளவு முடிந்துவிட்டதாக ஒரு வரி வந்தது. நான் சோற்றை அவள் வாயில் வைத்தேன். துப்பினாள். அப்பாதான் தர வேண்டும் என்று கொம்பியூட்டரைத் தட்டி அழுதாள்.

போன் பண்ணிக் கேட்டால், நாங்கள் கேட்டுக்கொண்டபடி பெக்கேஜை மாற்றிவிட்டார்களாம். எங்களுடைய இன்டர்நெட் போய், ஆகச் சின்னது வந்திருக்கிறது. அதற்குப் பதிலாக டீவியில் தமிழோடு விளையாட்டுச் சேனல்களும் நிரம்பி வழிகின்றன. கிரிக்கெட், கார் ஓட்டம், குத்துச்சண்டை. எங்கள் வீட்டில் யார் குத்துச்சண்டை பார்ப்பது? மாமியா?

நான் அப்படிக் கேட்கவே இல்லை என்றேன். குரல் பதிவு இருக்கிறது என்றார்கள். சரி, போட்டுக் காட்டுங்கள் என்றேன். முதலில் முடியாது என்றார்கள். விடவில்லை. திரும்பத் திரும்பப் போன் பண்ணினேன். கடைசியில் டவுனில் இருக்கிற அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள்.

மாமியும் மகளும் கூடவே வந்தார்கள். வாசலில் காவல்காரர் என் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே மகளின் கிண்ணமும் கரண்டியும்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் சிங்களத்தில் மரியாதையாகப் பேசினார். கொம்பியூட்டரில் பதிவைப் போட்டார். சுற்றி வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

என் குரல். என் சிங்களம். எனக்கே அது வேறு யாரோ மாதிரி இருந்தது. அந்தப் பெண் கேட்கிறாள்: வென எகக் தென்னத? உடனே என் குரல்: "வேணா, வேணா."

அவ்வளவுதான். நான் கத்தினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவில் கத்தல் இல்லை. பிள்ளையின் சத்தம் இல்லை. வயர் இழுபடுகிற சத்தமும் இல்லை. அமைதியாக, பதில் சொல்கிற மாதிரி, கேள்வி முடிந்த கையோடு சொல்கிறேன். அந்தப் போன் லைனில், அந்த அவசரத்தில், நெடில் குறிலாகத்தான் கேட்கிறது. வென, வென. வேறு, வேறு. பிள்ளைகளுக்கு எகரம் ஏகாரம் படிப்பித்த எனக்கே அப்படிக் கேட்டது.

"பாருங்க மிஸ், நீங்கதான் வேற ஒன்று கேட்டிருக்கீங்க" என்றார் அவர்.

"அது தமிழ்" என்றேன். "வேண்டாம் என்று சொன்னேன். பிள்ளையிடம் சொன்னேன்."

"நீங்க சிங்களத்தில்தானே பேசிக்கொண்டு இருந்தீங்க?"

திரும்ப ஒரு தடவை போடுங்கள் என்றேன். ஒரு தடவைதான் போட முடியும் என்றார். மாற்றியதை இப்போது திரும்ப மாற்ற ஏலாது, ஒப்பந்தக் காலம் முடிய வேண்டும், அதற்குள் வேண்டுமென்றால் கூடுதல் இன்டர்நெட் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்ன விலைக்கு வாங்கினால், கணவர் லீவில் வருகிற டிக்கெட்டுக்குச் சேர்ப்பதில்தான் கை வைக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க, அவர் வருவதைத் தள்ளிப்போட வேண்டும்!

மாமிக்கு அதுவரை நடந்தது பாதிதான் விளங்கியது. நான் தமிழில் சொன்னேன். அவர் அந்த இளைஞரை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்ல கடையா இருக்கே. வேணான்னா குடுக்கிறாங்க. எங்க, வேணும்னு சொல்லிப் பாரு, இருக்கிறதையும் புடுங்கிருவாங்க."

அப்போதுதான் எனக்குள் ஏதோ உடைந்தது. எழுந்து நின்று கத்தினேன். தமிழில். டவுன் நடுவில், காவல்காரர் பக்கத்தில் நிற்க, என் வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டுக்கு வெளியே முழுக் குரலில் தமிழில் கத்தினேன். "ரெண்ட அழுத்தினா யாராவது எடுத்தீங்களா? எடுத்திருந்தா இது நடந்திருக்குமா? தமிழுக்குத் தனியாக் காசு கேப்பீங்க, தமிழ்ல பேச ஒரு ஆள் வைக்கமாட்டீங்க. நான் ஒங்க பாஷையில வந்து கேட்டதுக்கு, என் பாஷையில புடிச்சிக்கிட்டீங்களா?"

அந்த இளைஞருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா தன் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அந்த இழுப்பை நான் மறக்கமாட்டேன். காவல்காரர் இரண்டு அடி கிட்ட வந்தார். மாமி என் கையைப் பிடித்து, "வா புள்ள, போயிருவோம், வா" என்று வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். யாராவது வீடுவரைக்கும் வந்து விசாரிப்பார்களோ என்று அன்றிரவு வரை வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் போனில் குரல் மட்டும்தான். மகள் போனை வாங்கி முன்னாலும் பின்னாலும் பார்ப்பாள், காதில் வைக்க மாட்டாள். அவர் அந்தப் பக்கம் "ஆ, ஆ" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் எழுந்து போய் கொம்பியூட்டர் திரையைத் தடவுவாள். கொஞ்ச காலத்தில் அதையும் விட்டுவிட்டாள். நான் அதில் தூசி படியாமல் துணி போட்டு மூடினேன். டீவியில் கிரிக்கெட் இருந்தால் மேல் வீட்டு ஐயா கீழே வந்து பார்ப்பார். "நல்ல பெக்கேஜ்" என்று பாராட்டுவார்.

கணவர் லீவில் வந்தார். பெட்டியை இறக்கி, குளித்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மாமி தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார். மேல் வீட்டு அக்காவும் பார்க்க வந்து வாசலில் நின்றார். கணவர் சோற்றைப் பிசைந்து, சின்னதாக ஒரு உருண்டை எடுத்து, கையை நீட்டி, "ஆ" என்றார். அதே கை. அதே "ஆ".

மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். அவர் இன்னும் கொஞ்சம் கிட்ட நீட்டினார்.

"வேணா" என்றாள்.

வாசலில் நின்ற அக்கா, நிலைமையைச் சமாளிக்கத்தான் என்று நினைக்கிறேன், சிரித்துக்கொண்டு, "வெனவா? வேறு ஒன்றா கேட்கிறாள்?" என்றார் சிங்களத்தில். கணவரும் தம்புள்ளையில் சிங்களம் பேசிப் பழகியவர்தானே. அவரும் சிரித்தார். "ஆமா அக்கா, வேற அப்பா ஒண்ணு வேணுமாம்" என்றார். அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார்.

அவர் இருந்த நாட்களில் மகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனாள். முதுகில் ஏறினாள். ஆனால் அவர் கையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. திரும்பிப் போகிற அன்று காலையிலும் இல்லை. பஸ்ஸில் ஏறும்போது அவர், "அடுத்த தடவ பாப்போம்" என்றார். எனக்குச் சொன்னாரா, பிள்ளைக்குச் சொன்னாரா தெரியவில்லை. எனக்கு யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்பதே இப்போது ஒரு வியாதியாகிவிட்டது.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். பஸ்ஸில் நான் மகளிடம் தமிழில் பேசுகிறேன், இன்றைக்கும் கொஞ்சம் மெதுவாகத்தான். எங்கள் ஒப்பந்தக் காலமும் முடிந்துவிட்டது. போன கிழமை அந்த நிறுவனத்திடமிருந்து திரும்ப ஒரு "கட்டணத் திருத்தம்" வந்திருக்கிறது. விளம்பரத் தாள்களைத் திரும்பத் தரையில் பரப்பிவைத்திருக்கிறேன். மாமி தன் நாடகத்தை வெட்டச் சொல்லித் திரும்பவும் சொல்லிவிட்டார். இந்தத் தடவை வெட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன், யோசித்ததற்காக என்மேலேயே கோபப்படுகிறேன். பெரிய இன்டர்நெட்டை எடுத்தால் கெமராவில் அந்த விளையாட்டைத் திரும்பத் தொடங்கலாம். ஆனால் மகள் வளர்ந்துவிட்டாள். பக்கத்திலிருந்து ஊட்டுவது என் கை என்று இப்போது கண்டுபிடித்துவிடுவாள். அப்பா ஊட்டினதே இல்லை என்று தெரிந்துகொண்டால், பிறகு எதை நம்புவாள்? இல்லை, ஒன்றுமே செய்யாமல் அவர் வரும்வரை விட்டுவிடுவதா?

தகப்பன் தூரத்தில் இருக்க, பிள்ளையை வளர்க்கிறவர்கள் உங்களில் எவ்வளவோ பேர் இருப்பீர்கள். முகம் மறக்காமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள்? கெமரா போதுமா, வேறு ஏதாவது வழி இருக்கிறதா? அவர் அடுத்த லீவில் வருவதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.